வெளிமான் புழுக்கையில் என்ன தேடுகிறார்கள்? டெல்டாவின் காடும் மரபணு ஆய்வும்

வெளிமானின் புழுக்கை, பிச்சாவரத்துச் சுரபுன்னையின் இலை, இறந்து கரையொதுங்கிய ஆவுளியாவின் (கடற்பசு) தசைத்துண்டு ஆகியவற்றை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் மரபணுவைப் படிக்கிறார்கள் என்று செய்தி வந்தால், காவிரிப் படுகையில் இரண்டு கேள்விகள் எழும். 'காட்டிலும் மரபணு மாற்றத்தைக் கொண்டுவரப் போகிறார்களா?' என்பது ஒன்று. 'வேலி போட்டு, மரம் நட்டு, காவலாளி வைத்தால் போதாதா? இதெல்லாம் எதற்கு?' என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

படிப்பதும் மாற்றுவதும்

'மரபணு' என்றதும் டெல்டா உழவர்கள் எச்சரிக்கையாவதற்குக் காரணம் உண்டு. மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரிக்காயின் வணிகச் சாகுபடியை ஒன்றிய அரசு 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தது. அதுவரை நடந்த வாதங்களில் தமிழக இயற்கை வேளாண் அமைப்புகள் உரக்கக் குரல் கொடுத்தன. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களும், நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் திரட்டிய பாரம்பரிய நெல்லை வாங்கி விதைத்தவர்களும் இங்கே நிறைய இருக்கிறார்கள்.

ஆனால் காட்டுயிர் பாதுகாப்புக்காகச் செய்யப்படும் மரபணு ஆய்வு எந்த உயிரையும் மாற்றுவதில்லை. ஒரு நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது வேறு, பத்திரத்தையே திருத்தி எழுதுவது வேறு அல்லவா? அதே வேறுபாடுதான் இங்கும். இந்த மான் கூட்டம் எங்கிருந்து வந்தது, எதனோடு உறவு, எவ்வளவு காலமாகத் தனித்துக் கிடக்கிறது என்று படித்துப் பார்ப்பதோடு வேலை முடிந்துவிடும்.

சந்தேகம் முற்றிலும் அடிப்படையற்றது என்றும் சொல்லிவிட முடியாது. முத்துப்பேட்டையில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும் அலையாத்தி மரம் உப்பைத் தாங்குவது எப்படி என்று ஆராய்ந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், அந்த இனத்தின் மரபணு ஒன்றை பாசுமதி நெல்லுக்குள் ஆய்வக அளவில் செலுத்திப் பார்த்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அது பயிர் ஆராய்ச்சி. தொடங்கும் இடம் ஒன்றாக இருந்தாலும் போய்ச் சேரும் இடம் வேறு. ஆகவே ஒரு செய்தியைப் படிக்கும்போது 'மரபணு' என்பதோடு நின்றுவிடாமல், அதைப் படிக்கிறார்களா, எடுத்து வேறொன்றில் வைக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு செய்திகள்

1. மரபணு வேறுபாடு: ஒரே இனத்தைச் சேர்ந்த உயிர்களுக்குள் டி.என்.ஏ. வரிசையில் இருக்கும் சிறு சிறு மாறுதல்கள். நோய், வறட்சி, உப்பு என்று எது வந்தாலும் கூட்டத்தில் சிலவாவது தாக்குப்பிடிக்க வேண்டுமானால் இந்த வேறுபாடு இருந்தாக வேண்டும்.

2. இரண்டு வகை டி.என்.ஏ.: உயிரணுவின் கருவில் இருப்பது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருகிறது. விலங்குகளின் உயிரணுவுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது தாயிடமிருந்து மட்டும் வருகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் இடம்பெயர்ந்தவை ஆண்களா பெண்களா என்பதுகூடத் தெரிந்துவிடும்.

3. உட்கலப்பு: நெருங்கிய உறவுகளே திரும்பத் திரும்ப இணைசேர்வது. குட்டிகள் இறப்பது, மலட்டுத்தன்மை, நோய்க்கு எளிதில் பலியாவது ஆகியவை இதன் விளைவுகள்.

4. பயனுறு எண்ணிக்கை: கணக்கெடுப்பில் எத்தனை தலை என்பது வேறு. அடுத்த தலைமுறைக்கு உண்மையிலேயே தன் மரபணுவைக் கொடுப்பவை எத்தனை என்பது வேறு. இரண்டாவதுதான் பயனுறு எண்ணிக்கை. கோடியக்கரையைப் புரிந்துகொள்ள இது ஒன்று மிக முக்கியம்.

கோடியக்கரை வெளிமான்

கோடியக்கரை சரணாலயம் 1967இல் வெளிமானுக்காகவே அமைக்கப்பட்டது. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பாலை, வீரை, உகா மரங்கள் வளர்ந்த உலர் பசுமைமாறாக் காடு, நடுவே புல்வெளி, சுற்றிலும் சதுப்பு என்று அமைந்த இடம். வரைபடத்தில் பார்த்தால் சிக்கல் உடனே புரியும். கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, மேற்கே சதுப்பும் உப்பளமும், வடக்கே வேதாரண்யம் வரை வீடும் வயலும். மான் வெளியே போகவும் வழியில்லை, வெளியிலிருந்து மான் உள்ளே வரவும் வழியில்லை.

வெளிமானின் இணைசேரும் முறையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வலுத்த ஆண்கள் ஆளுக்கொரு திட்டைப் பிடித்துக்கொண்டு மற்ற ஆண்களை விரட்டும். பெண்கள் வந்து தேர்ந்தெடுக்கும். பெரும்பாலான ஆண்களுக்கு வாய்ப்பே கிடைக்காது. இதன் விளைவைக் கணக்கில் பார்க்கலாம். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, கோடியக்கரைக் கணக்கெடுப்பு அல்ல.

ஒரு கூட்டத்தில் 100 பெண் மான்கள் குட்டி ஈனுகின்றன, இணைசேர்ந்த ஆண்கள் 10 மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 4 × 10 × 100 ÷ 110. விடை ஏறத்தாழ 36. களத்தில் 110 இனப்பெருக்க மான்கள் நிற்கும். மரபணுக் கணக்கில் அவை 36 மான்களுக்குச் சமம். ஒவ்வொரு தலைமுறையிலும் இருக்கும் வேறுபாட்டில் எவ்வளவு போகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: ஒன்றை, பயனுறு எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 1 ÷ 72, அதாவது சுமார் 1.4 சதவீதம். சிறியதாகத் தோன்றலாம். ஆனால் மானுக்குத் தலைமுறை என்பது சில ஆண்டுகள்தான். வெளியிலிருந்து புதிய மான் வராவிட்டால், போன வேறுபாட்டைச் சடுதிமாற்றம், அதாவது டி.என்.ஏ.வில் தற்செயலாக நேரும் மாற்றம், மட்டுமே ஈடுகட்ட வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கான தலைமுறைகள் ஆகும்.

உடனடி உட்கலப்பைத் தவிர்க்கப் பயனுறு எண்ணிக்கை 50, நீண்டகாலத்துக்கு 500 என்ற விதி 1980இல் முன்வைக்கப்பட்டது. அது போதாது, 100உம் 1000உம் வேண்டும் என்று 2014இல் சில மரபியலாளர்கள் வாதிட்டார்கள். எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், தனித்துவிடப்பட்ட சிறு சரணாலயம் ஒன்று அதைத் தன்னந்தனியாக எட்டுவது கடினம்.

புயல் இந்தக் கணக்கை இன்னும் மோசமாக்குகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்த கஜா புயலில் தென்னந்தோப்புகளோடு கோடியக்கரைக் காடும் சாய்ந்தது. வெளிமான்களும் மட்டக்குதிரைகளும் மடிந்தன. எண்ணிக்கை பிறகு மீளலாம். மரபணுக் கணக்கு அவ்வாறு மீளாது. மூன்று தலைமுறைகளில் பயனுறு எண்ணிக்கை 1000, 1000, 100 என்று இருந்தால் சாதாரணச் சராசரி 700. மரபணு வேறுபாட்டைப் பொறுத்தவரை எடுக்க வேண்டியது இசைச் சராசரி, அதாவது எண்களின் தலைகீழிகளுக்குச் சராசரி எடுத்து, அதைத் திரும்பத் தலைகீழாக்கினால் வருவது. அது 250தான். ஒரே ஒரு கெட்ட தலைமுறை மற்றவற்றையும் கீழே இழுத்துவிடுகிறது. 'மான்கள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பிவிட்டன' என்று ஒரு புயலுக்குப் பின் செய்தி வந்தால், பாதிச் செய்திதான் வந்திருக்கிறது என்று பொருள்.

நாடளாவிய ஆய்வு சொன்னது

பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள், எட்டு மாநிலங்களில் 12 இடங்களில் வெளிமான் புழுக்கைகளைச் சேகரித்துச் செய்த ஆய்வு 2023இல் வெளியானது. அதில் இந்தப் படுகைக்குப் பொருந்தும் முடிவுகள் மூன்று.

முதலாவது, இந்திய வெளிமான்கள் மரபணு அடிப்படையில் வடக்கு, தெற்கு, கிழக்கு என்று மூன்று குழுக்களாகப் பிரிகின்றன. கிழக்குக் குழு நிலப்பரப்பில் தெற்குக்கு அருகில் இருந்தாலும் வடக்கிலிருந்து பிரிந்து வந்ததாகத் தெரிகிறது. இரண்டாவது, ஆண் மான்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இடம்பெயர்கின்றன. பெண்கள் பெரும்பாலும் பிறந்த பகுதியிலேயே தங்கிவிடுகின்றன. ஒவ்வோர் இடத்துக்கும் தனித்த மைட்டோகாண்ட்ரியா அடையாளம் இருப்பதிலிருந்து இதைக் கண்டார்கள். மூன்றாவது, அண்மைக் காலத்தில் வெளிமான் எண்ணிக்கை கூடும் போக்கு தெரிகிறது.

நாட்டளவில் இது நல்ல செய்தி. ஆனால் இரண்டாவது முடிவை அப்படியே கோடியக்கரைக்குப் பொருத்திப் பார்த்து நிம்மதியடைய முடியாது. ஆண் மான் வயல்வெளி தாண்டி நடக்கும். கடல் தாண்டி நடக்காது. இடம்பெயரும் இயல்பு உடம்பில் இருந்தாலும் நிலம் இடம் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் வெளியிலிருந்து சில மான்களைக் கொண்டுவந்து விடலாமா? அமெரிக்காவின் புளோரிடாவில் உட்கலப்பால் நலிந்துபோன பூமா கூட்டத்துக்குள் 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களை விட்டார்கள். கூட்டம் மீண்டது. ஆனால் அதைக் காட்டி இங்கே அவசரப்படக் கூடாது. எங்கிருந்து கொண்டுவருவது என்பதற்கு மேற்படி ஆய்வு ஓரளவு பதில் தருகிறது: தென்குழுவுக்குள்ளிருந்துதான் தேட வேண்டும், வடக்கிலோ கிழக்கிலோ இருந்து அல்ல. பிடிக்கும்போது ஏற்படும் அதிர்ச்சியிலேயே மான் இறந்துபோவது உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வந்து சேரும் மானுக்குத் தின்னப் புல் இருக்க வேண்டும்.

புல்வெளியில் நடப்பவர்கள் சொல்வது

இங்கேதான் ஆய்வகம் களத்திடம் கைநீட்டுகிறது. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் வனவிலங்கு உயிரியல் துறையினர் கோடியக்கரையில் நீண்ட காலமாகக் கள ஆய்வு செய்து வருகிறார்கள். வெளிமானை நெருக்குபவை எவை என்று அவர்களின் ஆய்வுகள் காட்டுவது நமக்குப் பழகிய ஒன்றைத்தான்: சீமைக் கருவேலம். திறந்த வெளியில் ஓடித் தப்பிக்கும் விலங்குக்குப் புதர் அடைத்த நிலத்தில் வேலையில்லை. மேய்ச்சலில் மட்டக்குதிரைகளின் போட்டியும் உண்டு. இவற்றில் எதையும் டி.என்.ஏ.வில் படிக்க முடியாது.

புழுக்கை பொறுக்குவதும் கள அறிவு இல்லாமல் நடக்காது. கோடியக்கரையில் புள்ளிமானும் உண்டு. இரண்டின் புழுக்கையும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். திட்டைப் பிடித்த ஆண் வெளிமான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். அதை அறியாமல் அள்ளினால் ஒரே மானைப் பத்து மானாக எண்ணிவிடுவோம். புழுக்கையின் மேற்பூச்சில் ஒட்டியிருக்கும் குடல் உயிரணுக்களில்தான் மானின் டி.என்.ஏ. இருக்கிறது. வெயிலிலும் ஈரத்திலும் அது விரைவில் சிதைந்துவிடும் என்பதால் மான் நகர்ந்ததும் எடுத்துப் பதப்படுத்த வேண்டும். அதற்கு மானைத் தொலைவில் நின்று பொறுமையாகப் பின்தொடரத் தெரிந்த ஆள் வேண்டும்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் பறவை வளையமிடும் பணியும் இந்த வகைதான். காலில் மாட்டிய வளையம் ஒரு பறவை எங்கே போனது என்று சொல்கிறது. மரபணு, அதன் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்கிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

பிச்சாவரம்: தனி இனமா, கலப்பா?

டெல்டாவின் வட எல்லையில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சுரபுன்னை மரம் ஒன்று நீண்ட காலம் பெயர்க் குழப்பத்தில் இருந்தது. முதலில் அதைத் தென்கிழக்காசியப் பகுதியில் அறியப்பட்ட வேறொரு கலப்பின் பெயரால் குறித்தார்கள். 1995இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன் அதற்கு 'ரைசோபோரா அண்ணாமலையானா' என்று பெயரிட்டுத் தனி இனமாக விவரித்தார். 1997இல் சுவாமிநாதன் நிறுவனத்தாரின் டி.என்.ஏ. ஆய்வு, இது பிச்சாவரத்திலேயே நிற்கும் இரண்டு சுரபுன்னை இனங்களான ரைசோபோரா அபிகுலேட்டாவுக்கும் ரைசோபோரா முக்ரோனாட்டாவுக்கும் இயற்கையாகப் பிறந்த கலப்பு என்று உறுதிசெய்தது.

பெயர்ச் சண்டை தாவரவியலாளர்களோடு போகட்டும் என்று விட்டுவிட முடியாது. தனி இனமாக இருந்தால் அதன் விதைநாற்றைச் சேகரித்து, நாற்றங்காலில் பெருக்கி, வேறிடத்தில் நட்டுக் காக்கலாம். கலப்பு மரமோ பெரும்பாலும் மலடு; முளைத்த நாற்று கிடைப்பதே அரிது. அதைக் காக்க வேண்டுமானால் இரண்டு பெற்றோர் இனங்களும் அருகருகே பூத்துக் காய்க்கும் காட்டைக் காக்க வேண்டும். ஒரு பெயர் மாற்றம் பாதுகாப்புத் திட்டத்தையே மாற்றிவிடுகிறது.

முத்துப்பேட்டை: மரபணு பின்னால் நிற்க வேண்டிய இடம்

முத்துப்பேட்டையில் ஏறக்குறைய எல்லாம் அலையாத்தி ஒன்றுதான். இத்தனை பெரிய காட்டில் ஒரே இனம் ஆதிக்கம் செலுத்துவது ஏன்? முக்கியக் காரணம் உப்பும் தண்ணீரும். முன்பு பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையாக வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது, கடல்நீர் தேங்கியது, தேங்கியது வற்றி உப்பானது. பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் நன்னீரும் குறைந்துபோனது. காவிரியின் கடைமடை என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எந்த இனம் அதிக உப்பைத் தாங்குமோ அது மட்டும் மிஞ்சியது.

தீர்வும் நீரிலேயே இருந்தது. மீன்முள் வடிவில் கால்வாய்களை வெட்டி, ஓதநீர் ஏறி இறங்க வழிசெய்த பிறகு, பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் சீரழிந்த திட்டுகள் பசுமையாயின. கால்வாய் தூர்ந்தால் மறுபடி உப்பு ஏறும். மரபணு ஆய்வுக்கு நிதி கேட்கும் விண்ணப்பங்களில் இந்தத் தூர்வாரும் செலவு இடம்பெறுவதில்லை என்பது வருத்தம்தான்.

கடலிலும் இதே கதை

நாகைக் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைகள், ஒடிசாவில் கூட்டங்கூட்டமாக முட்டையிடும் ஆமைகளிலிருந்து வேறானவையா? இல்லை என்று இந்தியக் கிழக்குக் கரை ஆமைகள் குறித்து 2004இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. உலகின் பிற பகுதி ஆமைகளிலிருந்து இவை தனித்த, பழமையான கால்வழி என்றும் கண்டது. ஆகவே இங்கே விசைப்படகு வலையில் சாகும் ஆமையும் ஒடிசாக் கணக்கில் ஒன்று குறைகிறது. ஆவுளியாவுக்காகத் தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. கடலுக்குள் மேயும் அந்த விலங்கைத் தேடிப் பிடித்து மாதிரி எடுப்பது அரிது. கரையொதுங்கும் உடல்களே ஆய்வுக்குப் பெரிதும் உதவுகின்றன. மீனவர் தகவல் தராமல் அந்த ஆய்வு நடக்காது.

மரம் நடுபவர்களுக்கு இதில் என்ன?

கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் மரக்கன்று நடாத ஊர் குறைவு. நட்டவை நாட்டு மரங்கள்தானா என்று கேட்கிறோம், நல்லது. எத்தனை தாய்மரங்களின் பிள்ளைகள் என்று யாரும் கேட்பதில்லை. சாலையோரம் நன்றாகக் காய்த்த ஒரே மரத்தடியில் விதை அள்ளி ஆயிரம் கன்று வளர்த்தால், ஆயிரமும் உடன்பிறப்புகள். இருபது ஆண்டு கழித்து அவை தங்களுக்குள் மகரந்தம் மாற்றிக்கொள்ளும்போதுதான் கோளாறு வெளியே தெரியும். நாற்றங்கால் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. குறைந்தது 25, 30 தாய்மரங்களிலிருந்து, அவையும் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பவையாகப் பார்த்து, விதை எடுக்க வேண்டும்.

2. அருகிலுள்ள இயற்கைக் காட்டிலிருந்தோ கோயில் காட்டிலிருந்தோ வரும் விதைக்கு முன்னுரிமை. கோடியக்கரையின் உப்புக்காற்றில் நின்ற பாலை மரத்தின் விதை, உள்நாட்டு வறள்நிலத்துப் பாலை மரத்தின் விதையைவிட இந்தக் கரைக்குப் பொருந்த வாய்ப்பு அதிகம்.

3. கிளை வெட்டி நடும் மரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரே மரத்துக் கிளைகள் அனைத்தும் அதன் நகல்களே. பனையில் ஆண், பெண் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். சிதம்பரத்துத் தல மரமான தில்லையும் அப்படித்தான். ஆண் தில்லையின் கிளைகளை மட்டும் நட்டுவிட்டு, விதை விழும் என்று காத்திருந்தால் விழாது.

4. விதை எடுத்த இடம், நாள், மரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பின்னாளில் ஆய்வாளர் வந்து நிற்கும்போது முதலில் கேட்பது இதைத்தான்.

யாருடைய மரபணு, யாருக்குப் பயன்?

சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். உயிரியல் வளத்தை வணிகத்துக்கு எடுத்தால் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் குறுக்கிடும். அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலும் அதன் விதிகளிலும் உள்ளது. தங்கள் ஊராட்சியின் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

சட்டம் பிடிக்கத் தடுமாறும் இடமும் ஒன்று உண்டு. இலையையோ விதையையோ எடுத்துச் சென்றால் தடுக்கலாம். டி.என்.ஏ. வரிசையைப் படித்துக் கணினித் தரவுத்தளத்தில் போட்டுவிட்டால், உலகில் எவரும் எடுத்துக்கொள்ளலாம். முத்துப்பேட்டைக்கு வர வேண்டிய தேவையே இல்லை. பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள் இதற்காக 2025 பிப்ரவரியில், கொலம்பியாவின் காலி நகரத்தின் பெயரால் 'காலி நிதியம்' என்ற ஒன்றைத் தொடங்கின. இத்தகைய தரவால் லாபம் பார்க்கும் மருந்து, ஒப்பனைப்பொருள், விதை நிறுவனங்கள் அதில் பணம் செலுத்த வேண்டும், அதில் பாதியாவது பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. இப்போதைக்கு நிறுவனங்கள் செலுத்துவது விருப்பத்தின் பேரில்தான்.